ஏழு மணிக்கு மேல் மட்டும் போகும் சிக்னல்

கேள்வி: வேதாரண்யத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மொட்டைமாடியில் டிஷ், கீழே கூடத்தில் டிவி. நாலு வருஷம் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. தை மாதம் என் மகன் மாடி அறைக்கு இன்னொரு டிவியும் அதற்கு ஒரு பாக்ஸும் வாங்கி வைத்தான். கொஞ்ச நாளில் ஆரம்பித்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கூடத்து டிவியில் ‘சிக்னல் இல்லை’ என்று வருகிறது. எல்லா சேனலும் இல்லை, சிலது மட்டும். சில நாள் ஒன்றுமே ஆவதில்லை. காலையில் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் மழை தூறினால் எல்லாமே போய்விடுகிறது. மெக்கானிக் மூன்று முறை வந்தார். டிஷ்ஷைத் திருப்பினார், அதன் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யை மாற்றினார். இப்போது வாசல் தென்னை மறைக்கிறது, வெட்டுங்கள் என்கிறார். இல்லாவிட்டால் பெரிய டிஷ் போட வேண்டுமாம். பக்கத்துத் தெருவில் வந்திருக்கும் 5ஜி கோபுரம்தான் காரணம் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். பாக்ஸில் பார்த்தால் சிக்னல் வலிமை 90, தரம் 58. மரத்தை வெட்டத்தான் வேண்டுமா?

பதில்:

அம்மா, மரத்தில் கை வைக்காதீர்கள். கஜா புயலுக்குத் தப்பி உங்கள் பக்கத்தில் நிற்கிற தென்னைகளே கொஞ்சம். அதில் ஒன்றை டிவிக்காக வெட்டுவதாக இருந்தால், மரம்தான் குற்றவாளி என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்த அளவில் மரம் குற்றவாளி இல்லை. கோபுரமும் இல்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில்தான் எனக்குச் சந்தேகம்: மகன் மாடி அறைக்கு இரண்டாவது டிவி வைத்தது.

சிக்னல் போகிறது என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது எந்த நேரத்தில் போகிறது, எந்தெந்த சேனல் போகிறது என்ற இரண்டையும்தான். இந்தத் தொழிலில் பாதிப் பேர் அதைக் கேட்பதில்லை. வந்தவுடன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறிவிடுவார்கள். டிஷ் திரும்பியிருந்தாலோ மரம் மறைத்தாலோ மணி பார்த்து ஏழுக்கு மேல் மட்டும் சிக்னல் போகாது, பொறுக்கி எடுத்த மாதிரி சில சேனல் மட்டும் தினமும் போகாது. செயற்கைக்கோளிலேயே கோளாறு என்றால் ஊர் மொத்தத்துக்கும் ஒரே நேரத்தில் போகும். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சக்திக் கோளாறு வந்து, சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்பும் அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டி வந்தபோது அப்படித்தான் தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரே சமயத்தில் சேனல்கள் காணாமல் போயின. உங்களுக்கோ உங்கள் ஒரு வீட்டில், அதிலும் கூடத்து டிவியில் மட்டும் போகிறது. அப்படியானால் காரணமும் வீட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டும்.

என் கணிப்பு இதுதான். மாடி அறை டிவிக்குத் தனியாக ஒரு கேபிள் இழுக்காமல், டிஷ்ஷிலிருந்து இறங்கும் ஒரே கேபிளில் ஒரு ஸ்ப்ளிட்டரைப் போட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ, படிக்கட்டு முடியும் இடத்திலோ, கறுப்பு டேப் சுற்றிய தீப்பெட்டி அளவு உலோகப் பெட்டி ஒன்று தொங்குகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஒரு கேபிள் நுழைந்து மறுபக்கம் இரண்டு வெளியே வந்தால் அதுவேதான்.

இது கேபிள் டிவி காலத்துப் பழக்கம். அதில் சிக்னல் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும், அவ்வளவுதான். திரும்பி ஒன்றும் போகாது. அதனால் இரண்டாக, மூன்றாகப் பிரித்தாலும் படம் கொஞ்சம் மங்குமே தவிர வேறு வில்லங்கம் கிடையாது. டிஷ் விஷயம் அப்படியில்லை. இங்கே அதே கேபிள் வழியாக பாக்ஸிலிருந்து எல்.என்.பி.க்கு மின்சாரமும் ஏறுகிறது, அந்த மின்சாரத்தோடு சேர்ந்து ஒரு கட்டளையும் ஏறுகிறது.

அந்தக் கட்டளை என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், உங்கள் பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகளில் ஒரு கூட்டம் நிமிர்ந்த வாக்கில் அதிரும், இன்னொரு கூட்டம் படுத்த வாக்கில் அதிரும். ஒன்றை ஒன்று கெடுக்காமல் இரண்டு மடங்கு சேனல்களை அனுப்புவதற்கான உத்தி இது. எல்.என்.பி. இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் ஒரு நேரத்தில் கேபிளில் இறக்கும். எதை இறக்குவது என்று பாக்ஸ் வோல்ட்டால் சொல்கிறது. 13 வோல்ட் கொடுத்தால் நிமிர்ந்த கூட்டம், 18 வோல்ட் கொடுத்தால் படுத்த கூட்டம். நீங்கள் ரிமோட்டில் சேனல் மாற்றும்போது அந்தச் சேனல் எந்தக் கூட்டத்தில் இருக்கிறதோ அதற்கேற்ற வோல்ட்டை பாக்ஸ் மேலே அனுப்புகிறது. ஒரு நொடி கறுப்புத் திரை வருகிறதே, அந்த இடைவெளியில் இதெல்லாம் நடந்து முடிகிறது.

இப்போது அதே கேபிளில் இரண்டு பாக்ஸ். கீழே நீங்கள் பார்க்கும் சேனலுக்கு 13 வோல்ட் வேண்டும். மாடியில் மகன் வைத்திருக்கும் சேனலுக்கு 18 வேண்டும். இரண்டும் ஸ்ப்ளிட்டரில் சந்திக்கும்போது கூடுதல் வோல்ட்தான் ஜெயிக்கும். எல்.என்.பி.க்கு 18 போய்ச் சேர, அது படுத்த கூட்டத்தை இறக்குகிறது. உங்கள் பாக்ஸ் நிமிர்ந்த கூட்டத்தில் தன் சேனலைத் தேடுகிறது, அங்கே வந்திருப்பதோ வேறு. ‘சிக்னல் இல்லை’ என்று திரையில் எழுதிவிடுகிறது. நீங்கள் இன்னொரு சேனலுக்கு மாற்றினால், அது 18 வோல்ட் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தால், பளிச்சென்று வந்துவிடும். சிலது மட்டும் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இதுதான் காரணம். மகன் பார்க்கிற சேனலும் உங்களுடையதும் தற்செயலாக ஒரே கூட்டத்தில் இருக்கிற நாளில் எந்தத் தொந்தரவும் வராது. அவர் ஊரில் இல்லாத நாளிலும் வராது. காலையில் மாடி டிவி ஓடாது, அதனால் அப்போதும் வராது.

மெக்கானிக் எந்த நேரத்தில் வந்தார்? பகலில் வந்திருப்பார், மகன் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில். அப்போது எல்லா சேனலும் வந்திருக்கும். வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று டிஷ்ஷைத் திருப்பியிருக்கிறார். அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. நாளைக்குப் பத்து வீடு ஏறி இறங்குகிறவருக்கு ராத்திரி ஏழரைக்கு உங்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்க்க நேரம் ஏது? ஆனாலும் புது எல்.என்.பி. போட்டும் அதே கோளாறு திரும்பி வந்த பிறகு, கோளாறு அங்கே இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மரத்தை வெட்டச் சொல்வதற்கு முன்னாலாவது.

சோதித்துப் பார்க்க ஸ்பானர் வேண்டாம், ஏணி வேண்டாம். இன்று ராத்திரி சிக்னல் போனவுடன், அந்தச் சேனலை மாற்றாமல் அப்படியே வைத்துவிட்டு, மாடி அறை பாக்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கச் சொல்லுங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது. சில பாக்ஸ்கள் ரிமோட்டில் அணைத்து சிவப்பு விளக்கு எரியும்போதும் எல்.என்.பி.க்கு வோல்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய சில நொடிகளில் கூடத்தில் படம் வந்துவிட்டால் வழக்கு முடிந்தது. மறுபடி செருகி, மகனை ஒவ்வொரு சேனலாக மாற்றச் சொல்லிப் பாருங்கள். அவர் சில சேனலுக்குப் போகும்போது உங்கள் படம் போவதும், வேறு சிலதுக்குப் போகும்போது திரும்பி வருவதும் கண்கூடாகத் தெரியும். இன்னொன்று: மாடி டிவியிலும் சில நேரம் இப்படி ஆகிறதா என்று மகனைக் கேளுங்கள். நீங்கள் 18 வோல்ட் சேனல் பார்க்கும்போது அவருக்கும் போயிருக்க வேண்டும். செல்போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார், அதனால் சொல்லாமல் விட்டிருப்பார்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படம் வரவில்லையா? சரி, அப்போது சந்தேகம் கூடத்து பாக்ஸின் அடாப்டர் மேல் போக வேண்டும். பழைய அடாப்டர் 18 வோல்ட் கூட்டத்துக்கு மாறும்போது தாக்குப் பிடிக்காமல் தொய்ந்துபோகும். அப்போதும் சில சேனல் மட்டும்தான் போகும். இரண்டு அடாப்டரின் அடியிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் ஒன்றாக இருந்தால், மாடி அடாப்டரைக் கீழே மாற்றிச் செருகிப் பாருங்கள். கோளாறும் கூடவே மாடிக்குப் போய்விட்டால் அடாப்டரை மாற்றினால் போதும். உங்கள் கதையில் இதற்கு வாய்ப்பு குறைவுதான்.

ஸ்ப்ளிட்டர்தான் என்று உறுதியானால் தீர்வு ஒன்றே ஒன்று: இரண்டு வாய் உள்ள எல்.என்.பி., ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனி கேபிள். அந்த எல்.என்.பி.யில் ஒவ்வொரு வாயும் தன் பாக்ஸ் சொல்வதைத் தனியாகக் கேட்டு நடக்கும், பக்கத்து வாயைப் பற்றிக் கவலைப்படாது. விலை சில நூறு ரூபாய்தான். உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்துகிற வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டு, இரண்டு டிவி இணைப்பு இருக்கிறது, இரட்டை எல்.என்.பி. வேண்டும் என்று சொன்னால் அவர்களே ஆள் அனுப்புவார்கள். புகார் எண்ணை மறக்காமல் வாங்கி எழுதி வையுங்கள். இழுத்தடித்தால், நிறுவனத்தில் தீராத புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதும்போது அந்த எண்தான் கைகொடுக்கும். வருகிறவர் ‘நல்ல ஸ்ப்ளிட்டர் இருக்கிறது, போட்டுத் தருகிறேன்’ என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்ப்ளிட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் 13-ஐயும் 18-ஐயும் கொண்டுபோக முடியாது.

சாயங்காலக் கோளாறு இத்தோடு தீரும். மழைக் கோளாறு தீராது, ஏனென்றால் அது வேறு. உங்கள் வீட்டில் இரண்டு கோளாறு ஒரே நேரத்தில் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் இத்தனை குழப்பம்.

தரம் 58 என்று எழுதியிருக்கிறீர்கள். வலிமை 90 என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். வலிமை என்பது கேபிளில் ஏதோ ஒன்று வருகிறது என்பதற்கான அளவு, அவ்வளவே. டிஷ் தப்பான செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் வலிமை காட்டும். வந்த சிக்னல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று சொல்வது தரம்தான். இந்த எண் பாக்ஸுக்கு பாக்ஸ் வேறுபடும், எனவே பக்கத்து வீட்டு 80-ஐ உங்கள் 58-ஓடு ஒப்பிட்டுப் பயனில்லை. அவர்களும் அதே நிறுவனம், அதே மாடல் என்றால் ஒப்பிடலாம். உங்கள் பாக்ஸில் நல்ல நாளில் முன்பு எவ்வளவு இருந்தது என்று மகனுக்கு நினைவிருந்தால் அதுவே சரியான அளவுகோல்.

உங்களுடையது போன்ற டிஷ் சேவைகள் (டிடிஎச்) பயன்படுத்தும் கேயு பேண்ட் என்ற வகை அலைகளின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவில்தான். மழைத்துளிகள் அவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்யும். ஐப்பசி கார்த்திகையில் உங்கள் கடற்கரையில் கொட்டுகிற மழைக்குப் பத்து நிமிஷம், கால் மணி நேரம் படம் போவதை யாராலும் தடுக்க முடியாது. எங்கள் வீட்டிலும் போகும். ஆனால் தூறலுக்கே போகிறது என்றால், வெயில் நாளிலேயே சிக்னல் விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தூறல் ஒரு சின்னத் தள்ளு கொடுக்கிறது, விழுந்துவிடுகிறது. பெரிய டிஷ் போடச் சொன்னவர் இதை மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார். 60 சென்டிமீட்டருக்குப் பதில் 90 போட்டால் பரப்பு இரண்டேகால் மடங்கு ஆகும், சிக்னலும் அந்த அளவுக்குக் கூடும், உண்மைதான். ஆனால் காற்று பிடிக்கிற பரப்பும் அதே இரண்டேகால் மடங்கு. உங்கள் ஊரில் நான் போட மாட்டேன். போடுவதற்கு முன்னால், இருக்கிற 60 ஏன் சரியாக வேலை செய்யவில்லை என்று பார்க்க வேண்டாமா? நாலு வருஷம் இதே டிஷ்தானே ஒழுங்காக ஓடியது?

இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். ஒன்று, டிஷ்ஷின் கோணம். மெக்கானிக் அத்தனை முறை திருப்பியிருக்கிறார், கையில் சிக்னல் அளக்கும் மீட்டர் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. கண்மதிப்பில் திருப்பி, கீழேயிருந்து ‘வந்துருச்சு, வந்துருச்சு’ என்று குரல் வந்ததும் நட்டை முறுக்கிவிட்டு இறங்குவதுதான் நடைமுறை. படம் வந்துவிட்டது, ஆனால் உச்சத்தில் இல்லை. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் விளிம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலே பார்வை ஒரு டிகிரி விலகிவிடும். நம் வானத்தில் டிவி செயற்கைக்கோள்கள் நிற்கும் இடங்களில் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 டிகிரியும் 93.5 டிகிரியும் உண்டு. இரண்டுக்கும் இடையே இரண்டே டிகிரி. ஒரு டிகிரி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை எந்த நட்டையும் தளர்த்தாமல் சோதிக்கலாம். மழையில்லாத பகலில், கீழே ஒருவர் பாக்ஸின் மெனுவில் தரம் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் பேசட்டும். மாடியில் இருப்பவர் டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று, முன்னால் வரக்கூடாது, விளிம்பை விரலால் லேசாக அழுத்தட்டும். முதலில் இடது ஓரம், பிறகு வலது, மேல், கீழ். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் சில நொடி பொறுத்து எண்ணைக் கேட்க வேண்டும். திரையில் எண் கொஞ்சம் தாமதமாகத்தான் மாறும். எந்தப் பக்கம் அழுத்தினாலும் எண் குறைகிறது என்றால் டிஷ் உச்சத்தில் இருக்கிறது, தொடவேண்டாம். ஏதோ ஒரு பக்கம் அழுத்தும்போது 58 என்பது 65, 70 என்று ஏறினால், அந்த அழுத்தத்தில் டிஷ்ஷின் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்ப வேண்டும். அப்போது மீட்டர் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். அழுத்தும்போதே டிஷ் ‘லொடக்’ என்று ஆடினால் கோணம் பார்ப்பது வீண். முதலில் சுவரில் இருக்கும் போல்ட்டுகளைச் சரி செய்ய வேண்டும். உங்கள் பக்கத்து உப்புக்காற்றில் நாலு வருஷத்து போல்ட் துருவேறி இளைத்திருக்கும்.

இரண்டாவது இடம், எல்.என்.பி.யில் கேபிள் சேரும் முனை. எனக்கு அதிகச் சந்தேகம் இதன் மேல்தான். கழற்றுவதற்கு முன் இரண்டு பாக்ஸின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். மின்சாரம் ஓடும்போது நடுக்கம்பி பக்கத்து உலோகத்தில் உரசினால் பாக்ஸின் உள்ளே சேதமாகலாம். கனெக்டரைத் திருகிக் கழற்றி நடுக்கம்பியைப் பாருங்கள். செம்பு செம்பாகவே மினுங்க வேண்டும். பச்சை பூத்திருந்தாலோ, வெள்ளைத் தூள் படிந்திருந்தாலோ, கறுத்திருந்தாலோ உப்பும் தண்ணீரும் உள்ளே போய்விட்டன. மேல்தோலைக் கொஞ்சம் உரித்தால், உள்ளே பின்னலாக ஓடும் மெல்லிய கம்பிகளும் கறுத்துப்போய் ஈரமாக இருக்கும். பலர் முனையை மட்டும் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுகிறார்கள். அது ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது. தண்ணீர் அந்தப் பின்னல் வழியாகவே கேபிளுக்குள் வெகுதூரம் ஏறியிருக்கும். பளிச்சென்ற செம்பு தெரிகிறவரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு முழம் வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் கேபிள் முழுவதையும் மாற்றிவிடுங்கள். எப்படியும் இரண்டாவது கேபிள் இழுக்கப் போகிறீர்கள், இரண்டையும் ஒரே நாளில் புதிதாகப் போட்டுவிடலாம். ஆர்.ஜி.6 என்று கேளுங்கள். கடையில் மலிவாகக் கொடுப்பதன் நடுக்கம்பி பெரும்பாலும் இரும்பு, மேலே செம்புப் பூச்சு. உள்நாட்டு ஊர்களுக்கு அது போதும். கடற்கரைக்கு முழுச் செம்புக் கம்பியே வாங்குங்கள், மீட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாக இருந்தாலும்.

கனெக்டர் போடும்போது நடுக்கம்பி அதன் வாயைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பின்னல் கம்பியின் ஒரு மயிரிழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. தொட்டால் எல்லாமே போகும். மாட்டிய பிறகு டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓடு வேய்வது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் ஏறி உட்கார்ந்தால்தான் தண்ணீர் வழிந்தோடும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரைப் பிடித்து உள்ளே அனுப்பும். சாதாரண ஒயரிங் டேப் வெயிலில் ஒரு வருஷத்தில் பிசுபிசுத்து உரிந்துவிடும். நீளமாக இழுத்துச் சுற்றினால் தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது, அதையே போடுங்கள். கேபிளை நேராக வீட்டுக்குள் இறக்காமல், நுழைவதற்கு முன் ஒரு தொய்வு விட்டு, அந்தத் தொய்வு துளையை விடத் தாழ்ந்திருக்கும்படி கட்டினால், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இல்லாவிட்டால் கேபிளைப் பிடித்துக்கொண்டே பாக்ஸின் முதுகுவரை வந்துசேரும்.

தென்னை விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டு டிஷ்கள் ஆஃப்செட் வகை. பார்ப்பதற்கு எதிரே உள்ளதை நோக்குவது போல நிற்கும், ஆனால் அது சிக்னலை வாங்குவது தோற்றத்தை விட மிகவும் மேலேயிருந்து. வேதாரண்யத்திலிருந்து பார்த்தால் 93.5 டிகிரியில் இருக்கும் செயற்கைக்கோள் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 70 டிகிரி உயரத்தில் இருக்கிறது. 88, 95 டிகிரிகளில் இருப்பவையும் சற்று முன்பின்னாக அதே உயரம்தான். கிட்டத்தட்ட தலைக்கு மேலே. டிஷ்ஷிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்கும் மரம், டிஷ் இருக்கும் மட்டத்துக்கு மேல் 8 மீட்டருக்கு எழும்பினால்தான் குறுக்கே வரும். அதுவும் தென்கிழக்கில் இருந்தால் மட்டும். மொட்டைமாடியின் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வாசல் எந்தத் திசை என்று நீங்கள் எழுதவில்லை. வடக்கோ மேற்கோ என்றால் பேச்சே வேண்டாம். ஒருவேளை தென்கிழக்கிலேயே, அத்தனை உயரமாக நின்றாலும், மரத்தை விட டிஷ்ஷை இரண்டு மீட்டர் நகர்த்துவது சுலபம். ஓலை மறைத்தால் காற்றில் ஆட ஆட படம் உடைந்து உடைந்து வரும், எல்லா சேனலிலும், எந்த நேரமும். நீங்கள் சொன்னது அதுவல்ல.

5ஜி கோபுரத்தைப் பற்றி எதிர்வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள்: டிஷ் வாங்கும் அலைகள் 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை. நம் ஊரில் 5ஜிக்குப் பெரும்பாலும் 3.3 முதல் 3.67 வரையும், கீழே 700 மெகாஹெர்ட்ஸும். இரண்டும் சந்திப்பதில்லை. ஆனால் அவர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்க ஒரு வழி உண்டு. எல்.என்.பி. தான் வாங்கியதைக் குறைத்து 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் கேபிளில் அனுப்புகிறது. செல்போன்களின் 1800, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைகள் அதற்குள்தான் வருகின்றன. கேபிளின் பின்னல் அரித்துப்போய், கனெக்டர் தளர்ந்து கிடந்தால், பக்கத்திலிருக்கும் கோபுரத்தின் அலை உள்ளே கசிந்து ஓரிரு சேனலைக் கெடுக்கலாம். அப்படியே நடந்தாலும் மருந்து அதே கேபிளும் கனெக்டரும்தான். கோபுரத்தை யாரும் எடுக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று, இனிமேல் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காசு வீணாகாமலிருக்க. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், பகலில் தினமும் ஏறக்குறைய அதே நேரத்துக்குச் சில நிமிஷம் படம் போய்த் திரும்பும். சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வருவதால் அது. அந்த நாட்களில் டிஷ்ஷை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தானாகச் சரியாகிவிடும்.

மாடியில் வேலை செய்கிற அன்று தரை காய்ந்திருக்க வேண்டும்; பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டு ஏறச் சொல்லுங்கள், குழாயையோ டிஷ்ஷையோ தூக்கி நிமிர்த்தும்போது அது கம்பியைத் தொட்டுவிடக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் பிளக்கோடு, பாக்ஸின் பின்னால் இருக்கும் கேபிளையும் கழற்றி வைத்துவிடுங்கள். பிளக்கை மட்டும் பிடுங்கினால் மின்னல் கேபிள் வழியாக வரும்.

இன்று ராத்திரி அந்தப் பிளக் சோதனையைச் செய்துவிட்டு என்ன ஆனது என்று எழுதுங்கள். படம் திரும்பி வந்தால் இரட்டை எல்.என்.பி.க்குச் சொல்லிவிடுங்கள். கேபிளையும் கனெக்டரையும் அன்றைக்கே மாற்றி முடித்து, தரம் எவ்வளவு காட்டுகிறது என்று பாக்ஸின் அடியில் பேனாவால் தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை வருகிறவர் எந்த எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதைப் பார்த்தாலே தெரிந்துகொள்வார்.